அடிக்கு ஒரு நூல்

அப்பா சென்னகிருஷ்ணன் முப்பத்தெட்டு வருடம் கோவையில் ஒரு பவுண்டரியில் பேட்டர்ன் செய்தவர். பம்ப்செட் உறுப்பு எதுவானாலும் முதலில் அவர் மரத்தில் செய்து கொடுக்க வேண்டும். அதை மணலில் பதித்துத்தான் இரும்பை ஊற்றுவார்கள். இரும்பு ஆறும்போது சுருங்கும் என்பதால் மரத்தை அடிக்கு ஒரு நூல் பெரிதாகவே செய்வார். ஒரு நூல் என்றால் இஞ்சில் எட்டில் ஒரு பங்கு. அந்தக் கணக்கு கையில் ஊறிப்போய், அவர் செய்த வீட்டு அலமாரிக் கதவுகூட இன்றுவரை சரியாக மூடாது.

ஓய்வு பெற்றதும் சரவணம்பட்டியில் ஞாயிறுதோறும் நடக்கும் சிற்ப வகுப்பில் சேர்ந்தார். எதிரே ஆளை உட்கார வைத்து, பார்த்துப் பார்த்துக் களிமண்ணில் தலை செய்கிற வகுப்பு. நடத்துகிற ஷைலாவுக்கு என் வயதுதான். முதல் வாரம் உட்கார வந்தவர் ஒரு பெண். இரண்டு மணி நேரத்தில் அப்பா செய்து முடித்தது ஒரு காது மட்டும். அடுத்தவர் வீட்டுப் பெண்ணின் முகத்தை எப்படி உற்றுப் பார்ப்பது என்று கூச்சம். மறுவாரம் அம்மாவையே கூட்டிப்போய் உட்கார வைத்தார்.

அம்மா ரங்கநாயகி காரமடைக்காரி. வாய் சும்மா இருக்காது.

"கலியாணத்தன்னைக்குக்கூட இத்தன நேரம் பாக்கலீங்க. இப்ப என்னத்தக் கண்டுபோட்டீங்க?" என்றாளாம். வகுப்பே சிரித்ததாம்.

ஐந்தாவது வாரம் களிமண் அம்மாவாகிவிட்டது. வீடியோ அழைப்பில் காட்டினார். நான் டப்ளினில் இருந்து பார்த்தேன். வாயெடுத்துப் பேசப்போவதுபோல உதட்டோரம். அந்த முகத்தைப் பிளாஸ்டரில் வார்த்து வீட்டில் வைக்க வேண்டும் என்பதுதான் அப்பாவின் ஆசை. வார்த்துவிடலாம் என்றாள் ஷைலா. அப்பா, கடைசியாக ஒரு தடவை, அகலம் அளக்கும் காலிப்பரை அம்மாவின் முகத்திலும் மண்ணிலும் வைத்துப் பார்த்தார். களிமண் கன்னம் அரை நூல் கூடுதல் அகலமாக இருந்தது. முகத்தின் அகலம் ஐந்து இஞ்ச், கிட்டத்தட்ட அரை அடி. பழைய கணக்குக்குப் பொருந்தி வந்தது. பழக்கதோஷம் என்று சுரண்டினார். அடுத்த வாரம் மறுபடி அரை நூல். மறுபடி சுரண்டினார். காலிப்பரைக் கீழே வைத்துவிட்டு முகத்தைப் பாருங்கள் என்று ஷைலா இரண்டு முறை சொல்லியிருக்கிறாள்.

அம்மா இளைத்தமாதிரி தெரிகிறாளே என்று நான் போனில் கேட்டேன்.

"நாந்தான் பெருசா செஞ்சுபோட்டேன் கண்ணு. கைப்பழக்கம்."

நான் கேட்டது அம்மாவை. அவர் சொன்னது மண்ணை. அந்தப் பதில் எனக்கு வசதியாக இருந்தது, விட்டுவிட்டேன்.

பிறகு இரண்டு ஞாயிறு வகுப்பில்லை. அடுத்துப் போனபோது ஒன்றரை நூல் வித்தியாசம். அவ்வளவு பெரிய பிழையை அவர் கை செய்யாது. காலிப்பரைப் பிடித்தபடியே கேட்டிருக்கிறார்.

"அம்மணி, சோறு உங்கறயா இல்லியா?"

"எறங்க மாட்டேங்குதுங்க. ரெண்டு மாசமாச்சு. நீங்க சந்தோசமா செஞ்சுட்டிருந்தீங்க, அதான் சொல்லல."

இரைப்பையில் கட்டி. அதன்பின் நான்கு மாதம் இருந்தாள். கடைசிப் பதினொரு நாள் நான் பக்கத்தில் இருந்தேன்.

தலை இப்போது வீட்டில், டிவி மேசைமேல், ஈரத்துணிக்குள். வார்த்துத் தருகிறேன் என்று ஷைலா வந்து கேட்டாள். இது சீக்கு வந்த முகம், நான் செய்தது இதையல்ல என்று அப்பா மறுத்துவிட்டார். சுரண்டிய மண்ணை வகுப்புத் தொட்டியில் போடாமல் ஒரு ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு வைத்திருந்திருக்கிறார். காய்ந்தால் மண்ணும் சுருங்கும். தினமும் காலையில் தலைக்கும் டப்பாவுக்கும் தண்ணீர் தெளிக்கிறார். பிறகு டப்பாவிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கன்னத்தில் வைப்பார், பார்ப்பார், எடுத்துவிடுவார். போட்டோக்களில் கன்னத்தின் கனம் தெரியவில்லையாம்.

நேற்று போனைத் தலைக்கு அருகில் பிடித்தார்.

"பாரு கண்ணு, அம்மாளுக்கு இப்படித்தான இருந்துச்சு? இன்னும் கொஞ்சம் வெக்கட்டுமா?"

பார்த்தேன். ஆறு வருடமாக நான் அம்மாவைப் பார்த்ததெல்லாம் இதே உள்ளங்கை அகலத் திரையில். நேரில் பார்த்தது அந்தப் பதினொரு நாள் முகம். எனக்கும் தெரியவில்லை.

கொஞ்சம் வையுங்கப்பா என்றேன். கட்டைவிரலால் அழுத்தி வைத்தார். இன்று காலை கூப்பிட்டபோது அதை எடுத்துவிட்டிருந்தார்.