பி.டி. பீரியடை யாருக்குக் கொடுப்பது?

பள்ளிக்கூடத்தில் எல்லா வாத்தியாருக்கும் பாடம் நடத்த வகுப்பு உண்டு, பி.டி. வாத்தியாருக்கு மட்டும் அடுத்தவர் மனசு வைத்தால்தான் பாடம். ராஜபாளையத்திலிருந்து தினமும் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தனியார் மேல்நிலைப் பள்ளிக்கு வேலைக்குப் போகிறவன் நான். இதைப் படிக்கிற பி.டி. வாத்தியார்களுக்கு நான் சொல்வது எதுவும் புதிதாக இருக்காது. மற்றவர்கள் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

கடன் கேட்டவர்

பன்னிரண்டாம் வகுப்புக்கு வாரத்தில் இரண்டு பி.டி. பீரியட் என்று டைம்டேபிளில் போட்டிருக்கும். ஆடி மாதம் முடிவதற்குள் ஒன்று போய்விடும். அரையாண்டுத் தேர்வு நெருங்கும்போது மற்றதும் போகும். கெமிஸ்ட்ரி டீச்சர் ஜெபராணி நல்ல மனுஷி. கேட்கும்போது "இன்னிக்கு மட்டும் சார்" என்றுதான் கேட்பார். பிள்ளைகள் ஷூ மாட்டிக்கொண்டு படிக்கட்டில் பாதி இறங்கியிருப்பார்கள். அப்படியே திரும்பி மேலே ஏறுவார்கள். முணுமுணுக்கக்கூட மாட்டார்கள், பழகிவிட்டது.

ஒருநாள் கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டேன். மண்டலப் போட்டிக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. அவர் கோபப்படவில்லை. பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். முகத்தைப் பார்த்தால் அவரும் சரியாகத் தூங்கி நாளாயிருக்கும் போலத் தெரிந்தது. நிதானமாகச் சொன்னார்: "உங்க பாடத்துல ஒரு பிள்ளை பெயிலானா யாரும் உங்களைக் கேக்க மாட்டாங்க சார். என் பாடத்துல பெயிலானா என்னை நிக்க வச்சுக் கேப்பாங்க."

நான் பீரியடைக் கொடுத்துவிட்டேன்.

கோப்பை

இதற்கு நேர் எதிரான கதை கார்த்தியுடையது. பத்தாம் வகுப்பு, பாஸ்கெட்பால். பந்து அவன் கைக்கு வந்தால் எதிர் அணிக்காரப் பையன்களே நின்று வேடிக்கை பார்ப்பார்கள். பள்ளிக்குக் கோப்பை வேண்டும் என்று நிர்வாகம் ஆசைப்பட்ட வருஷம் அது. மேட்ச், கேம்ப், மறுபடி மேட்ச் என்று ஊர் ஊராகப் போனான். வகுப்பில் இருந்த நாளைவிட வேனில் இருந்த நாள்தான் அதிகம். 'விட்ட பாடத்தையெல்லாம் பொறவு பாத்துக்கிடலாம்' என்று எல்லோரும் சொன்னார்கள். அந்தப் பொறவு வரவே இல்லை. கோப்பை வந்தது. கணக்கிலும் அறிவியலிலும் கார்த்தி பெயில்.

துணைத் தேர்வு எழுதித் தேறி, அம்மாவோடு பிளஸ் ஒன் சேர வந்தான். பள்ளியின் ரிசல்ட் கெட்டுவிடும் என்று இடம் தரவில்லை. நான் கரஸ்பாண்டென்ட் அறைக்குப் போய், இவன்தான் சார் நமக்குக் கோப்பை வாங்கித் தந்த பையன் என்றேன். வெளியே வராந்தாவில் அவனும் அவன் அம்மாவும் நின்றார்கள், கதவு திறந்துதான் இருந்தது. அவர் குரலைத் தாழ்த்தாமலே சொன்னார்: "கோப்பையை வச்சுக்க அலமாரி இருக்கு சார். பையனை எங்க வைக்கச் சொல்றீங்க?"

கார்த்தி இப்போது ஒரு பேண்டேஜ் துணித் தறியில் வேலை பார்க்கிறான். வேறு பள்ளியில் சேர்க்க நான் இரண்டு தடவை வீட்டுக்குப் போனேன். இரண்டு தடவையும் டீ கொடுத்து அனுப்பினார்கள்.

ரெண்டு காலு

மாரிச்செல்வி வத்திராயிருப்பிலிருந்து வருவாள். பிளஸ் டூ, எண்ணூறு மீட்டர் ஓட்டம். காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து கிரவுண்டில் ஓடுவாள். பிறகு வகுப்பு, சாயங்காலம் ஸ்பெஷல் டெஸ்ட், அது முடிந்தால் நீட் கோச்சிங். திரும்பிப் போகும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடியே பயாலஜி படிப்பாள். கண் எப்போதும் சிவந்திருக்கும். கேட்டால் தூசி என்பாள்.

அவள் அப்பா முத்தையாவுக்குத் தென்னந்தோப்பு உண்டு. மகள்மேல் உயிர். மகள் டாக்டராகவும் வேண்டும், ஓட்டத்தில் மெடல் வாங்கி வந்தால் அதைத் தெருவில் எல்லாரிடமும் காட்டவும் வேண்டும். பெற்றோர் கூட்டத்துக்கு வந்தவரிடம், பிள்ளை ரொம்பச் சோர்ந்து தெரிகிறாள், ஏதாவது ஒன்றை இந்த வருஷம் குறைத்துக்கொள்ளலாம் என்றேன். அவர் சிரித்தார்: "ரெண்டையும் செய்யட்டும் சார். அவளுக்கு ரெண்டு காலு இருக்குல்லா?"

கடைசி வளைவு

மண்டலப் போட்டி ராஜபாளையத்தில் நடந்தது. அன்றைக்கென்று காலையில் பிசிக்ஸ் மாதிரித் தேர்வு. எழுதிவிட்டுப் போகட்டும் என்று ஹெச்.எம். அம்மா சொல்லிவிட்டார். எழுதிவிட்டு மாரிச்செல்வி ஒரு டீச்சரோடு பஸ் ஏறி வந்தாள். வழியில் வாங்கிக் கொடுத்த பன்னைக் கையில் வைத்துக்கொண்டே தூங்கிவிட்டாளாம். கிரவுண்டுக்கு வந்ததும் சாப்பிட்டாயா என்று கேட்டேன். தலையாட்டினாள்.

முதல் சுற்று முடியும்போதே முன்னால் இருந்தாள். கடைசி வளைவில் திடீரென்று கால் பின்னியது. யாரும் இடிக்கவில்லை. கையை ஊன்றக்கூடத் தோன்றாமல் முகம் மண்ணில் படும்படி விழுந்தாள். நான் ஓடிப்போய்த் தூக்கியபோது உதட்டில் ரத்தம், முன்பல் ஒன்று உடைந்திருந்தது. கண் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். ரத்தம் ரொம்பக் குறைவு என்றார் டாக்டரம்மா. மாரிச்செல்வி கண் விழித்ததும் முதலில் கேட்டது, பிசிக்ஸ் பேப்பர் திருத்திவிட்டார்களா என்று. டாக்டரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, நீ கடைசியாக நன்றாகத் தூங்கியது எப்போது என்றார். "பெரிய லீவுல, மேடம்," என்றாள்.

ஹெச்.எம். அறையில்

அடுத்த திங்கட்கிழமை எல்லோரும் உட்கார்ந்தோம். முத்தையா வந்திருந்தார். கண் கலங்கியிருந்தது. அவள் ஓட்டத்தை நிறுத்திவிட வேண்டும் என்று பேச்சு தொடங்கிய உடனே முடிவாகிவிட்டது. நான் வாய் திறந்தேன். ஓட்டத்தை வாரத்தில் மூன்று நாளாக்குவோம், சாயங்கால டெஸ்ட்டிலும் பாதியைக் குறைப்போம், பிள்ளை தூங்கட்டும் என்றேன். டெஸ்ட்டைக் குறைப்பதா என்று ஹெச்.எம். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு செத்தது. ஜெபராணி டீச்சர் மட்டும், "என் டெஸ்ட்டை வேணா எடுத்துருங்க மேடம்," என்று மெல்லச் சொன்னார். அதை யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

மாரிச்செல்வி சுவர் ஓரமாக நின்றிருந்தாள். உதட்டில் தையல். நீ என்னம்மா சொல்கிறாய் என்று நான்தான் கேட்டேன். அப்பாவைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "ஓடுற செத்த நேரந்தான் சார் எங்கிட்ட யாரும் எதுவும் கேக்காம இருக்காவ."

ஆனாலும் முடிவு மாறவில்லை.

பஸ் ஸ்டாண்டில்

பிளஸ் டூவில் அவள் நல்ல மார்க். மெடிக்கலுக்கு அது போதவில்லை. மறுபடி எழுதவைக்க, வெளியூரில் ஹாஸ்டலோடு உள்ள கோச்சிங் ஒன்றில் சேர்த்துவிட்டார்கள். அங்கே கிரவுண்டு கிடையாது, ஞாயிற்றுக்கிழமையும் டெஸ்ட் என்று அவள் தோழி ஒருத்தி சொன்னாள்.

போன மாதம் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் முத்தையாவைப் பார்த்தேன். மகளைப் பார்க்கப் புறப்பட்டிருந்தார். பையில் மாம்பழம். மாரிச்செல்வி எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். பஸ் கிளம்ப இன்னும் நேரம் இருந்தது, ஆனால் அவர் அவசரமாக ஏறப்போனார். படியில் ஒரு கால் வைத்தபடியே திரும்பிச் சொன்னார்: "நல்லாப் படிக்கா சார். சிரிக்கத்தான் மாட்டேங்கா. அது டாக்டரான பொறவு சிரிச்சுக்கிடுவா."

நம் கழுத்தில் விசிலை மாட்டிக் கையில் ஸ்டாப்வாட்ச்சையும் கொடுத்து வைத்திருக்கிறார்கள், ஆனால் எதை நிறுத்துவது என்று முடிவெடுக்கும்போது மட்டும் நம்மை வெளியே நிற்கச் சொல்லிவிடுகிறார்கள்.