பளபளத்த ஒர்க்‌ஷாப்

ஏற்காட்டில் காபித்தூள் அரைத்து விற்கும் கடை எங்களுடையது. அரவை மிஷினை நோண்டி, துணியெல்லாம் கிரீஸாக்கி என்னிடம் திட்டு வாங்குவாள் மகள் ரேஷ்மா. பத்தாவது முடித்ததும் ஃபிட்டர் படிக்க ஆசைப்பட்டாள்.

சேலத்தில் ஒரு தனியார் ஐ.டி.ஐ.க்குப் போனோம். ஒர்க்‌ஷாப் தரையில் ஒரு கிரீஸ் கறைகூட இல்லை, அத்தனை சுத்தம்! சொக்கிப்போய் ஃபாரம் நிரப்ப உட்கார்ந்துவிட்டேன். ரேஷ்மா லேத் மிஷினைத் தடவினாள். விரலில் எண்ணெய் ஒட்டவில்லை, தூசிதான் ஒட்டியது.

“சார், இதை ஒருக்கா ஓட்டிக் காட்டுறீங்களா?”

“கரன்ட் இல்லைம்மா” என்றார் அங்கிருந்தவர்.

அவர் தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது! ஃபாரத்தை அப்படியே வைத்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே வந்தோம்.

இப்போது அரசு ஐ.டி.ஐ.யில் படிக்கிறாள். கிரீஸ் கறையோடு வந்தால் நான் திட்டுவதே இல்லை. கறையில்லாமல் வந்தால்தான், “ஏங் கண்ணு, இன்னைக்கு கிளாஸ் நடக்கலையா?” என்று கேட்கிறேன்.