அரை டிகிரியும் முக்கால் பாலமும்

அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் அருகிப்போய் வெகுகாலம் ஆகிறது. புருஷன் வீட்டுப் பக்கம் அவளுக்கு ‘அரை டிகிரி’ என்றுதான் பெயர். வைத்த புண்ணியவதி நாத்தனார். வாய்த்துடுக்கு உண்டே தவிர கெட்டவள் இல்லை. “அண்ணி, உங்க மீதி டிகிரி இப்ப எந்த ஊர்ல இருக்கு?” என்று போனில் ஆரம்பித்துவிட்டுத்தான் மற்ற நலமெல்லாம் விசாரிப்பாள்.

இதில் அரை டிகிரியின் குற்றம் ஒன்றுமில்லை. புருஷனுக்குக் காலில் சக்கரம். பாலம் கட்டும் கம்பெனியில் கான்கிரீட்டைச் சோதித்துப் பார்க்கிற வேலை. பாலம் முடிந்தால் பெட்டி படுக்கையைக் கட்ட வேண்டியதுதான். முதல் ஊரில் அவள் பொருளாதாரம் எடுத்து முதல் வருஷம் முடித்தாள், பாலமும் முடிந்தது. இரண்டாவது ஊரில் இரண்டாம் வருஷத்தை முடித்த கையோடு, அந்தப் பாலத்தையும் சொன்ன நாளுக்கு முன்பே கட்டித் திறந்துவிட்டார்கள். சுறுசுறுப்புக்குப் பரிசாகக் கம்பெனியில் எல்லாருக்கும் ஆளுக்கொரு கைக்கடிகாரம். அந்தக் கடிகாரத்தைப் பார்த்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வீட்டிலிருந்தபடியே தபாலில் படிக்கலாமே என்று யோசனை சொன்னவர்கள் உண்டு. வகுப்பில் உட்கார்ந்து நாலு பேரோடு கொட்டாவி விட்டால்தான் தனக்குப் படிப்பு மண்டையில் ஏறும் என்று அவள் கறாராகச் சொல்லிவிட்டாள்.

இப்போது மூன்றாவது ஊர். இங்கேயும் ஓர் ஆறு, அதன் மேல் முக்கால் பாலம். சுற்றுவழியில் போய்வந்து சலித்த ஊர்க்காரர்கள் எப்போது முடியும் எப்போது முடியும் என்று கிடந்தார்கள். மாடி ஜன்னலில் நிற்கும் அரை டிகிரிக்கோ, இன்னொரு தூண் எழும்பியிருப்பதைக் கண்டால் பகீரென்றது. பாலம் முடிய இன்னும் ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும் என்று புருஷன் சொல்லியிருந்தான். படித்த இரண்டு வருஷத்தையும் இங்கே ஒப்புக்கொண்டு நேரே கடைசி வருஷத்தில் சேர்த்துக்கொண்டால் தப்பித்தாள். இரண்டாம் வருஷத்தைத் திரும்பப் படி என்றால், பாலம் முந்திக்கொள்ளும். நாலாவது ஊரில் போய் மறுபடி முதலிலிருந்து கெஞ்ச வேண்டும். நாலாவது ஊரில் கெஞ்சத் தனக்குத் தெம்பில்லை என்பது அவளுக்கே தெரியும்.

பல்கலைக்கழகத்து விதிகளை அவள் கரைத்துக் குடித்திருந்தாள். வேறு இடத்தில் படித்த பாடத்துக்கு இங்கே கிரெடிட் வேண்டுமென்றால், அங்கே படித்ததும் இங்கே நடத்துவதும் முக்கால் பங்காவது ஒத்துப்போக வேண்டும். அப்படியே ஒத்துப்போனாலும் முழுப் படிப்பையும் வெளியிலிருந்து கொண்டுவந்து இறக்க முடியாது. மூன்றில் ஒரு பங்கையாவது இங்கேயே படித்தாக வேண்டும். இந்தச் சட்டங்களை அவள் வீட்டிலும் அமல்படுத்தினாள்.

“போன வாரம் தங்கச்சி வீட்ல அத்தனை பாத்திரத்தையும் நான்தானே கழுவினேன்,” என்று புருஷன் சோபாவில் சாய்ந்தால் போதும்.

“வேற இடத்துல செஞ்ச வேலைக்கு இங்க கிரெடிட் கிடையாது,” என்று சோப்பை நீட்டுவாள்.

மற்ற பாடங்களெல்லாம் பல்கலைக்கழக ஆபீசிலேயே கரையேறிவிட்டன. புள்ளியியல் மட்டும் மாட்டிக்கொண்டது. அதற்குத் துறைத்தலைவர் சரி என்று சொல்ல வேண்டுமாம். அவர் ஏமாற்ற முடியாத ஆள் என்று ஆபீஸ் அம்மாள் ஆறுதல் சொல்லி அனுப்பினாள்.

துறைத்தலைவர் அறைக் கதவைத் தள்ளி உள்ளே போன அரை டிகிரி அப்படியே நின்றுவிட்டாள். தலைமுடி போயிருந்தது, தொப்பை வந்திருந்தது. ஆனால் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடும் அந்தக் கை மாறவில்லை. இரண்டாவது ஊரில் அவளுக்குப் புள்ளியியல் நடத்திய அதே வாத்தியார். வகுப்பில் அவருக்கு ஒரு பல்லவி உண்டு: “இது பரீட்சைக்கு வராது.” அந்த வருஷம் கடைசி இரண்டு யூனிட்டையும் அப்படிச் சொல்லித்தான் ஊற்றி மூடினார்.

அவளுக்கு என்னவோ அப்போது நம்பிக்கை வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் புலம்பினாள். புருஷன் பாடப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “அட, இது எங்க லேப்ல தினமும் நடக்கிற கூத்து,” என்றான். மறுநாள் சோதனையில் உடைந்த ஒரு கான்கிரீட் கட்டியைத் தூக்கிவந்து சாப்பாட்டு மேஜைமேல் வைத்தான். ஒரு வாரம் அதை வைத்துக்கொண்டே சொல்லிக்கொடுத்தான். பரீட்சையில் அந்த இரண்டு யூனிட்டும் வந்து நின்றன. பாதி வகுப்பின் முகத்தில் ஈயாடவில்லை. அவள் மட்டும் கூடுதல் தாள் கேட்டு வாங்கி எழுதினாள். அந்தக் கட்டி இன்றைக்கும் அவர்கள் வீட்டு வாசற்கதவு காற்றில் அடிக்காமல் முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

வாத்தியாருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. மார்க் ஷீட்டில் கல்லூரியின் பெயரைப் பார்த்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

“கஷ்டம்மா. சிலபஸ்ல ஆறு யூனிட் போட்டிருப்பாங்க. ஆனா அங்க கடைசி ரெண்ட நடத்தவே மாட்டாங்க. அப்புறம் முக்கால் பங்கு எப்படி வரும்?”

சொல்லலாமா வேண்டாமா என்று அவள் தவித்தாள். வீட்டு ஜன்னலில் தெரியும் அந்தப் பாலம் கண்முன் வந்தது.

“சார், அங்க எங்களுக்கு நடத்தினது நீங்கதான்.”

வாத்தியார் அவளை ஏற இறங்கப் பார்த்தார். முகம் சிவந்தது, பிறகு ஒரு அசட்டுச் சிரிப்பு வழிந்தது.

“அதனாலதாம்மா இவ்வளவு உறுதியா சொல்றேன். நான் நடத்தலையே. அந்த வருஷம் இந்த வேலைக்காக அலைஞ்சிட்டிருந்தேன். பாதி நாள் ரயில்லதான் இருந்தேன்.”

இப்படி ஓர் உண்மையை அவள் எதிர்பார்க்கவில்லை. சண்டைக்கு வரிந்துகட்டி வந்தவளுக்குக் கோபம் பாதி வடிந்தே போனது.

“நீங்க நடத்தல சார். ஆனா நான் படிச்சேன்.”

“யார்கிட்ட?”

“வீட்டுக்காரர்கிட்ட.”

“அவர் எந்த யுனிவர்சிட்டி?”

“பாலம் கட்டுறார் சார்.”

வாத்தியார் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “சரி, என்னதான் படிச்சீங்க, சொல்லுங்க.”

அவள் சொன்னாள். “ஒரு லாரி கான்கிரீட் வந்து நிக்குது. அதுல கொஞ்சம் எடுத்து மூணு கட்டி வார்த்து, இறுகினதும் உடைச்சுப் பார்க்கிறாங்க. அந்த மூணை வெச்சு முழு லாரியையும் நல்லதா கெட்டதான்னு முடிவு பண்ணணும். அதுல ரெண்டு விதமா தப்பு நடக்கலாம். நல்ல கான்கிரீட்ட ஆகாதுன்னு தள்ளிடறது முதல் வகைப் பிழை. ஆகாதத நல்லதுன்னு விட்டுடறது ரெண்டாம் வகை.”

“சரிதான்,” என்றார்.

“இப்ப நீங்க என்னைத் தள்ளினீங்கன்னா, அது முதல் வகை சார்.”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். வாத்தியார் வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு மேற்கொண்டு நாலு கேள்வி கேட்டார், விளையாட்டாக இல்லை, நிஜமாகவே. ஒன்றில் அவள் தடுமாறினாள், மூன்றைப் பிடித்துவிட்டாள். பேனா மூடி திறந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டுத் தாழ்ந்த குரலில் கேட்டார்.

“நான் நடத்தாம விட்டத இங்க யார்கிட்டயும்...”

“அது பரீட்சைக்கு வராது சார்,” என்றாள்.

பஸ்ஸில் வரும்போது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்து சீட்டுக்காரர் ஜன்னலை மூடட்டுமா, தூசியா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தாள். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, அவ்வளவுதான். ஒரு வாரம் வேலை முடிந்து சிமென்ட் படிந்த கையோடு வந்து உட்கார்ந்த மனுஷனுக்கு, இத்தனை நாள் ஒரு நன்றிகூடச் சொல்லவில்லையே என்றும் இருந்தது.

வீட்டில் புருஷன் பாத்திரத் தொட்டிக்கு முன்னால் நின்று, தொடலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தான்.

“என்ன சொன்னாங்க?”

“கடைசி வருஷம்தான். சேர்த்துக்கிட்டாங்க. நீங்க சொல்லிக்கொடுத்த ரெண்டு யூனிட்டாலதான் கிடைச்சுது. அன்னிக்கே சொல்லியிருக்கணும். ரொம்ப நன்றிங்க.”

இந்த வீட்டில் அவ்வளவாகப் புழங்காத வார்த்தை அது. அவன் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் வாசல் கதவடியில் கிடந்த கட்டியைப் பார்த்தான். பிறகு மெல்ல ஆரம்பித்தான்.

“அப்ப வெளிய நடந்த பாடம் செல்லும்.”

“செல்லும்.”

“தங்கச்சி வீட்ல நான் கழுவின பாத்திரம்?”

அவள் யோசித்தாள். நியாயம் என்று ஒன்று இருக்கிறதே.

“அதுவும் செல்லும். முழு கிரெடிட் தர்றேன்.”

அவன் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டுக்கொண்டு சோபா பக்கம் திரும்பினான். அவள் அவன் கையைப் பிடித்து இழுத்து, சோப்பை உள்ளங்கையில் வைத்தாள்.

“மூணுல ஒரு பங்காவது இங்கயே செய்யணும்.”