பால் குடிக்கும் சிங்கங்கள்

ஆரணியில் கூடாரம் போட்ட மறுநாள் காலை, எங்கள் சிங்கங்களுக்கென்று ஒரு பெரிய கேன் நிறையப் பால் வந்தது.

அனுப்பியவர் நிலத்துக்காரர். ஊரை ஒட்டி, நிலக்கடலை பிடுங்கிய காட்டை எங்கள் சர்க்கஸுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். சமணர். எல்லோரும் அவரை நயினார் என்றே கூப்பிட்டார்கள். அவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: தன் நிலத்துக்குள் கறி வரக்கூடாது. எங்கள் மேனேஜர் தலையை ஆட்டிவிட்டு, "நம்ம சிங்கம் எல்லாம் குட்டியிலேர்ந்து பால்லயே வளந்ததுங்க" என்று சொல்லியிருக்கிறார். நயினார் அதை நம்பினார். தன் நிலத்தில் நிற்கிற சிங்கம் ரத்தம் பார்க்காத சிங்கம் என்பதில் அவருக்கு ஒரு சந்தோஷம் இருந்திருக்க வேண்டும். அதனால்தான் பால்.

அந்தப் பால் எங்கள் மெஸ்ஸில் டீயாயிற்று.

எழுபத்தெட்டோ எழுபத்தொன்பதோ, சரியாக நினைவில்லை. எனக்கு இருபத்தைந்து வயதிருக்கும். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு லாரி, அரிசி மில், செங்கல் சூளை என்று அலைந்து, கடைசியில் இந்தக் கூண்டு வேலையில் நின்றிருந்தேன். கிழட்டு ஆண் ஒன்று, பெண் இரண்டு, ஆக மூன்று சிங்கங்கள். கூண்டு கழுவுவது, தண்ணீர் வைப்பது, மாட்டுக்கறி வாங்கி வந்து வெட்டிப் போடுவது என் பொறுப்பு. கிழட்டுச் சிங்கத்துக்குப் பல் போய்விட்டதால் அதற்கு மட்டும் சின்னத் துண்டாகப் போடுவேன்.

செவ்வாய்க்கிழமை, முந்தைய ஊரான செய்யாறில் தின்றவை. புதன் போயிற்று, வியாழன் போயிற்று. நான் கேட்டபோது மேனேஜர் சொன்னார்: "காட்டுல மட்டும் தினம் மூணு வேளை எலை போட்டா தின்னுது? நாலு நாள் தாங்கும், போய் வேலயப் பாரு." தாங்கும்தான். ஆனால் காட்டில் பட்டினியாக இருக்கிற சிங்கத்தை யாரும் தினம் இரண்டு தடவை ஸ்டூலில் ஏறச் சொல்வதில்லை.

சிங்கங்களோடு கூண்டுக்குள் இறங்குகிற மாஸ்டர் தலைச்சேரிக்காரர். சின்ன வயதிலிருந்தே இதே தொழில். வெள்ளிக்கிழமை மூன்று மணி ஆட்டத்தில் பெண் சிங்கங்களில் இளையது அவர் முதுகுப் பக்கம் வந்து கை வீசியது. ஜரிகை வைத்த சிவப்புக் கோட்டு தோளிலிருந்து இடுப்பு வரை கிழிந்தது. கூட்டம் அதையும் வித்தை என்று நினைத்துக் கை தட்டியது. வெளியே வந்தவர் கோட்டைக் கழற்றிப் பார்த்தார். தோலில் ஒரு கோடு, அவ்வளவுதான்.

"மோனே, இது கோபம் அல்ல" என்றார். "கோபத்துல அடிச்சா சத்தம் போட்டுட்டு அடிக்கும். இது சத்தமே இல்லாம வந்துச்சு. என்னை அது தீனியா பாக்குது."

"உள்ள போவாதீங்க மாஸ்டர்."

"போகாம? மூணு புள்ளை உண்டு எனக்கு."

சனிக்கிழமை கூட்டம் தாங்காது. மூன்று மணி ஆட்டத்துக்குள் கறி போட்டாக வேண்டும். இல்லையென்றால் மாஸ்டர் திரும்பி வரமாட்டார். எனக்கு இது தெரிந்திருந்தது, அவருக்கும் தெரிந்திருந்தது.

காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு கறிக்கடை பாயிடம் போனேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் கத்தியைத் தீட்டிக்கொண்டே சிரித்தார்.

"சிங்கத்துக்குப் பாலா? ஊரே பட்டு நெய்யுது, அந்த நூலு எங்கேர்ந்து வருதாம்? புழு தானா கழட்டிக் குடுத்துதா? வெந்நீர்ல போட்டுத்தான எடுக்கிறாங்கோ?"

"பாய், ஜல்தி குடுங்க. வாதம் பண்ண நேரமில்ல."

"நான் ஜல்தியா குடுப்பேன். உள்ள எப்படிக் கொண்டுகினு போவே? கேட்டாண்ட அவரு ஆள் உக்காந்துகினு கீறானே."

தவிட்டு மூட்டைக்குள் கறியை வைத்துக் கட்டினேன். குதிரைக்குத் தவிடு தினமும் போகிறதுதான், சந்தேகம் வராது என்று கணக்குப் போட்டேன். நாய்களை நான் யோசிக்கவில்லை. கடைத்தெருவில் இரண்டு சேர்ந்தன. நெசவுத் தெருவில் தறிக்குப் போகிற பட்டு நூலைக் கஞ்சி போட வாசலோடு நீளப் பாவாக இழுத்துக் கட்டியிருந்தார்கள். அதன் ஓரமாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும்போது நாய்கள் ஆறு ஏழாகிவிட்டன. "யோவ், நாயி பாவுல பூந்தா உன்ன உரிச்சிடுவேன்!" என்று ஒருவர் கஞ்சிப் பிரஷ்ஷை ஓங்கினார்.

கேட்டில் காவல்காரர் எழுந்து நின்றார்.

"இன்னாடா மூட்டையில?"

"தவுடுங்க."

"தவுட்டுக்கு எதுக்குடா இத்தினி நாயி ஊர்கோலம் வர்து?"

மூட்டையோடு என்னை நயினார் வீட்டுக்கு இழுத்துப் போனார். மூட்டையை மட்டும் தெருவிலேயே வைக்கச் சொல்லிவிட்டு, நாய்களை விரட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

நயினார் வெள்ளைப் பருத்தி வேட்டி கட்டியிருந்தார். மேல்துண்டும் பருத்திதான். பட்டு விளைகிற பூமி மாதிரி இருக்கிற இந்த ஊரில் அவர் உடம்பில் ஒரு இழை பட்டு இல்லை. பாய் சொன்ன கேலி எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. இவரிடம் அது எடுபடாது என்று தோன்றியது. கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டதோ வேறு.

"ஏம்பா, பால் அனுப்பினேனே. பத்தலையா?"

பொய் சொல்லியிருக்கலாம். மாஸ்டரின் கிழிந்த கோட்டு கண்முன் நின்றது.

"பாலு எங்க மெஸ்ஸுல டீ ஆவுதுங்க."

"மேனேஜர் சொன்னாரே."

"நீங்க நம்புனீங்க, அவரு சொன்னாரு. சிங்கத்த யாருங்க பால்ல வளப்பாங்க? செவ்வாய்க்கெழம தின்னதுங்க. நேத்து மாஸ்டர் மேல கை போட்டு கோட்டக் கிழிச்சிடுச்சி. இன்னிக்கு மூணு மணிக்கு மறுபடி உள்ள போறாரு. இன்னிக்குக் கோட்டோட நிக்காது."

அவர் முகம் வெளுத்தது. "அப்ப நாலு நாளாப் பட்டினி போட்டது நானா?"

"மேனேஜரும் நீங்களும்" என்றேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது.

நயினார் மேல்துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். "ஒரு உயிர வெட்டி இன்னொண்ணுக்குப் போடுன்னு என் வாயால சொல்ல முடியாது. பட்டினி கெடன்னும் சொல்ல முடியாது." பிறகு வாசல் பக்கம் பார்த்தபடி சொன்னார்: "ரோட்டுக்கு அந்தாண்ட என் நெலம் இல்ல."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். அவரால் முடிந்தது அவ்வளவு. எங்கள் மேனேஜரால் அதுவும் முடியவில்லை.

கூடாரத்துக்குத் திரும்பியதும் மேனேஜர் என்னை அடிக்க வந்தார். கூட வந்த காவல்காரர் நின்றிருந்ததால் கையை இறக்கினார். யானையைப் பூட்டி மூன்று கூண்டு வண்டிகளையும் ரோட்டைத் தாண்டி ஏரிக்கரைப் புறம்போக்கில் நிறுத்தினோம். ஜனம் கூடிவிட்டது. கறியின் வாசனை எட்டியதும் கம்பிகள் அதிர்ந்தன. பெண் சிங்கங்கள் மென்றே தின்னவில்லை, விழுங்கின. கிழடு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கு நறுக்கிப் போட நேரமாயிற்று. பன்னிரண்டு மணிக்கு முடிந்தது. மூன்றும் வயிறு தொங்கப் படுத்துவிட்டன. வண்டிகளைக் கூடாரத்துக்குத் திரும்ப இழுத்து வந்தோம்.

"இன்னிக்கு ஆட்டம் வேண்டா" என்றார் மாஸ்டர். "தின்ன ஒடனே இது வேலை செய்யாது. நாளைக்குப் பாக்கலாம்."

"டிக்கெட்டு வாங்கினவன் கிட்ட நீ போய்ச் சொல்லு" என்றார் மேனேஜர்.

மூன்று மணிக்கு மாஸ்டர் உள்ளே போனார். வேறு கோட்டு. வட்டக் கூண்டைச் சுற்றி மண் தரையில் ஜனம் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது. முன்வரிசை நாற்காலியில் நயினார் வந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். மாஸ்டர் உயிரோடு வருகிறாரா என்று பார்க்க வந்தார் போலிருக்கிறது. மாஸ்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகவும் முடியாது. வட்டக் கூண்டுக்குள் வந்ததும் படுத்த சிங்கங்கள் எழுந்திருக்கவே இல்லை.

"சிங்கம் தூங்குதுபா, தாலாட்டு பாடு!" என்று ஒருவன் கத்தினான். விசில் பறந்தது. கடலைத் தோலை வீசினார்கள். மாஸ்டர் சவுக்கைச் சொடுக்கினார். பிறகு சொடுக்குவது அடிப்பதாயிற்று. மத்தியானம் அவற்றுக்காக ஆட்டமே வேண்டாம் என்ற அதே மனிதர். மேனேஜர் திரைக்குப் பக்கத்திலிருந்து, எழுப்பு எழுப்பு என்று கையை ஆட்டினார். மாஸ்டர் என்னைப் பார்த்தார்.

என்னிடம் நீளமான இரும்புக் கம்பி இருக்கும். எழுந்திருக்காத மிருகத்தை வெளியிலிருந்து விலாவில் குத்தி எழுப்புவதற்கு. எத்தனையோ ஊரில் யோசிக்காமல் குத்தியிருக்கிறேன். கிழட்டுச் சிங்கத்தின் விலாவில் வைத்துத் தள்ளினேன். அசையவில்லை. இன்னும் பலமாகத் தள்ளினேன். அது உறுமவில்லை. தலையைத் திருப்பி, கம்பியைப் பிடித்திருந்த கையைப் பார்த்தது. மத்தியானம் பார்த்த அதே பார்வை. பிறகு மெல்ல எழுந்து, ஸ்டூலில் இரண்டு கால்களை வைத்து, குனிந்து, தின்றதையெல்லாம் கக்கியது. நான் நறுக்கிய துண்டுகள், அப்படியே, கடலைக்காட்டு மண்ணில் விழுந்தன.

கூட்டம் ஓவென்று சிரித்தது. நயினார் எழுந்தார். வெளியே போகாமல் நாற்காலிகளைச் சுற்றிக்கொண்டு நேராக என் பக்கம் வந்தார். கறியை அவர் பார்க்கவே இல்லை. என் கையைத்தான் பார்த்தார்.

"அந்தக் கம்பியக் கீழ போடு" என்றார், தணிந்த குரலில்.

மாஸ்டர் உள்ளே இருந்தார். இளைய சிங்கம் அவருக்குப் பின்னால், மறுபடி முதுகுப் பக்கம், ஒரு கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்திருந்தது. மேனேஜர் இன்னும் கை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"ஆட்டம் முடியலைங்க" என்று சொல்லிவிட்டு, கம்பியோடு அடுத்த பக்கம் நகர்ந்தேன். இன்னும் இரண்டு ஸ்டூல் காலியாக இருந்தன.