நிறுக்காமல் எழுதிய நாற்பத்தொன்று

லீவில் நோர்வூட் தேயிலைத் தோட்டத்து வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் பகல், சிவநேசனிடமிருந்து போன் வந்தது. யாழ்ப்பாணத்துப் பிள்ளை. நான் டெக்னீஷியனாக இருக்கும் வெளிநாட்டு ஆய்வகத்தில் டாக்டர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தார்.

ஒரே ஒரு மூலக்கூறு அயனியை வெற்றிடத்தில் பிடித்து வைத்து, லேசரால் அதன் அதிர்வெண்ணை அளப்பது எங்கள் வேலை. அது கண்ணுக்குத் தெரியாது. துணைக்கு நிற்கும் கால்சியம் அயனிதான் திரையில் புள்ளியாக ஒளிரும். இரண்டையும் மெல்ல ஆட்டினால், புள்ளி ஆடும் வேகத்திலிருந்து தெரியாததன் நிறையைக் கண்டுபிடிக்கலாம். இதுதான் மாஸ் செக். வெற்றிடத்தில் மிஞ்சியிருக்கும் வாயு பட்டு மூலக்கூறு வேறொன்றாக மாறிவிடக்கூடும் என்பதால், ஒவ்வொரு அளவுக்கும் முன்னால் செய்தே ஆகவேண்டும். எங்களுடைய மூலக்கூறின் நிறை 41.

"அண்ணை, போன கிழமை எடுத்த அளவுகள் ஒண்டும் பொருந்தேல்லை. மாஸ் செக் செய்தனீங்கள்தானே?"

"செஞ்சேன் தம்பி."

"அப்ப லேசரிலதான் பிழை. இண்டைக்கே கழட்டிப் பாக்கிறன்."

அந்த லேசரை ஒழுங்குபடுத்த அவருக்கு ஏழு மாதம் பிடித்தது. பட்டமே அதை நம்பித்தான் இருந்தது. நானோ ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில், புள்ளி வழக்கமான இடத்தில் நிற்கிறதே என்று, ஆட்டிப் பார்க்காமலே நோட்டில் 41 என்று எழுதியிருந்தேன். ஒன்பது தடவை.

கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து பகல் சாப்பாட்டுக்கு வந்திருந்த அம்மா, முகம் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டாள். புரியாது என்ற தைரியத்தில் எல்லாவற்றையும் சொன்னேன்.

"நெறுக்காமலேயா எழுதுன?" என்றாள்.

கூசிப்போனேன். அம்மா பறித்த கொழுந்தை நிறுக்கும் மடுவத்தில் தராசு முள் நிற்கும் முன்பே எடையை எழுதிவிடும் கணக்கப்பிள்ளையை நாங்கள் இருவரும் சேர்ந்து எத்தனை வருஷம் திட்டியிருப்போம்.

"அந்தப் புள்ள கேட்டப்ப என்னா சொன்ன?"

எழுந்து ரோட்டுக்குப் போய் போன் பண்ணினேன். சிவநேசன் கையில் ஸ்க்ரூடிரைவரோடு இருந்தாராம்.

"கழட்டாதீங்க தம்பி. நான் நிறுத்துப் பார்க்கவே இல்ல."

"ஒன்பதும் போச்சோ?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

திரும்பிப் போனதும் ஒன்பது 41-ஐயும் வெட்டி, பக்கத்தில் 'நிறுக்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இன்றும் முதலில் காட்டுவது அந்தப் பக்கத்தைத்தான். கருவி பொய் சொல்லாது, பேனா சொல்லும்.

லீவில் வரும்போதெல்லாம் மாலையில் அம்மாவோடு மடுவத்துக்குப் போய், தராசை நான் சத்தமாக வாசிப்பேன். கணக்கப்பிள்ளை முறைத்துக்கொண்டே எழுதுவான். போன் பண்ணிய அன்று மாலை அம்மா கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு வாசலில் எனக்காகக் கொஞ்சநேரம் நின்றாள். நான் எழுந்திருக்கவில்லை. அவள் தனியாகவே போனாள்.