வலப்பக்கம் நகர்ந்த கப்பல்

ஆகஸ்டு மாதம் பத்தொன்பதாம் நாள், செவ்வாய்க்கிழமை. மழைக்கான அறிகுறி ஏதுமின்றிக் காற்று மட்டும் காலையிலிருந்தே பேயாய் வீசிக்கொண்டிருந்தது. மூன்றாம் மாடியில் இருந்த அந்த வீட்டின் ஜன்னல் கதவு, கொக்கி உடைந்துபோனதால், சட்டத்தில் அறைவதும் மீள்வதுமாக இருந்தது. அக்காளுக்கு அந்த ஓசை காதில் விழவே இல்லை. தொலைக்காட்சித் திரையின் நடுவே அசையாமல் நின்ற ஒரு சின்னஞ்சிறு விண்கப்பலின்மேல் அவள் கண்கள் நிலைகுத்தியிருந்தன.

"நகரு," என்றாள் அதனிடம். "ஒரு தடவையாவது நகர்ந்து தொலையேன்."

கப்பல் சுவரில் அடித்த ஆணிபோல் நின்றது.

அலுவலகத்தில் அவளுக்கு 'ஆல்ட்ரேஷன் அக்கா' என்று பெயர். ஓர் இயந்திரத்துக்கென்று எழுதிய கணினி நிரலை வேறோர் இயந்திரத்தில் ஓடும்படி மாற்றி எழுதுவது அவள் தொழில். பயணச்சீட்டு அச்சிடும் கருவி முதல் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி வரை அவள் கை படாதது குறைவு. அக்கம்பக்கத்தார் கேட்டால் அம்மா இப்படி விளக்குவார்: "ஒருத்தருக்குத் தைச்ச சட்டையப் பிரிச்சு இன்னொருத்தர் அளவுக்குத் தைச்சுக் குடுக்கிறா. ஊசி நூல்தான் கிடையாது." இதனினும் பொருத்தமான விளக்கத்தை எந்தப் பாடநூலும் தந்துவிட முடியாது.

இம்முறை அவள் பிரித்துத் தைத்தது தம்பியின் சட்டை. காசு போட்டு விளையாடும் கூடங்களில் முன்பு இருந்தனவே, மேலிருந்து இறங்கும் பகைக் கப்பல்களைச் சுட்டு வீழ்த்தும் விளையாட்டுகள், அவ்வகையில் ஒன்றை எந்த நிறுவனத்தின் துணையுமின்றி அவன் தனியொருவனாகக் கணினிக்கென உருவாக்கியிருந்தான். "அடுப்புல ஒண்ணும் சுட மாட்டான், திரையில மட்டும் சுட்டுத் தள்ளுவான்," என்பது அம்மாவின் புகார். அதனைத் தொலைக்காட்சியில் இணைத்து விளையாடும் கன்சோலுக்கு மாற்றித் தரும் பொறுப்பை அக்காள் ஏற்றாள்.

தம்பியின் நிரலைப் படிப்பதே ஒரு வேடிக்கை. அதில் எல்லாவற்றுக்கும் தமிழ்ப்பெயர். நம் கப்பல் 'மாப்பிள்ளை', பகைக் கப்பல்கள் 'சம்பந்தி', குண்டு 'கடுகு'. 'முட்டு' என்றும் ஒன்று இருந்தது. திரையின் ஓரத்தில் முட்டும் கப்பலைச் சற்றே தள்ளிவிடுவதற்கான எண் அது என்று கருதிய அக்காள், அதனை மாற்றாமல் அப்படியே பெயர்த்து எழுதினாள்.

கன்சோல் நிறுவனத்தார் அனுமதி அளிக்குமுன் ஒவ்வொரு விளையாட்டையும் சோதிப்பார்கள். இவர்களுடையதை இருமுறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். இருமுறையும் ஒரே காரணம்: எவரும் தொடாதபோதும் கப்பல் வலப்பக்கம் நகர்கிறது. மூன்றாம் முறையும் தேறாவிட்டால் மறுபடி ஏற்பதற்கில்லை என்றும் எழுதியிருந்தார்கள். அப்படி நேர்ந்தால் முன்பு பார்த்த கிடங்கு வேலைக்கே திரும்பிவிடுவதாகத் தம்பி சொல்லிவிட்டான். "என்கிட்ட இருந்தப்ப நல்லாத்தானே ஓடுச்சு? நீ பிரிச்சுத் தைச்சதுலதான் கோணிப்போச்சு," என்று ஒரு வார்த்தையும் விட்டான். அதன்பின் அக்காளிடம் நேரில் பேசுவதையே நிறுத்திக்கொண்டான்.

அன்றும் அவன் அக்காள் இருந்த அதே கூடத்தில்தான், முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அம்மா, அக்காகிட்ட சொல்லு. இங்க நகரலன்னு அவங்களுக்கு எழுதிப் போடச் சொல்லு."

"கைக்கெட்டுற தூரத்துலதானே இருக்கா? நீயே சொல்லேன்டா. நான் என்ன தபால்காரியா?"

"அம்மா, அவன்கிட்ட சொல்லு. அது நகர்றத அவங்க வீடியோவே எடுத்து அனுப்பியிருக்காங்களாம்," என்றாள் அக்காள்.

"எனக்கும் காது கேக்கும்," என்றான் தம்பி, சுவரைப் பார்த்து.

"ரெண்டு பேருமாச் சேர்ந்து என்னைச் சுட்டுத் தள்ளிடுங்க. நிம்மதியாப் போய்ச் சேர்றேன்," என்றார் அம்மா. ஜன்னல் மறுபடியும் படாரென்று அறைந்தது. அவர் குனிந்து, மேசையின் குட்டைக் காலுக்கடியில் இருந்த மடித்த அட்டையை உருவிக் கதவின் இடுக்கில் செருகினார். ஜன்னல் வாயை மூடிக்கொண்டது. மேசையோ ஒருபக்கம் சாய்ந்தது. தேநீர்க் கோப்பை சறுக்கிக்கொண்டு வந்தது. அக்காள் அதைப் பாய்ந்து பிடித்தாள்.

"அம்மா! மேசைக்கு வச்சிருந்த முட்டு எங்க?"

கேட்டவள், கோப்பையும் கையுமாக அப்படியே நின்றுவிட்டாள்.

"ஜன்னலுக்கு வச்சிருக்கேன். அதுக்கு ஏன் இப்படி முழிக்கிற?"

அக்காள் கோப்பையைத் தரையில் வைத்தாள். தம்பியின் பக்கம் திரும்பினாள்.

"டேய். நீ எழுதினதுல முட்டுன்னு ஒண்ணு இருக்கே, அது எந்த முட்டு? இடிக்கிற முட்டா, தாங்குற முட்டா?"

தம்பி முதன்முறையாகத் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான்.

"தாங்குறதுதான். நம்ம கன்ட்ரோலர் குச்சி தானா இடப்பக்கம் சாயும்ல? அதுக்குத்தான் வலப்பக்கமா லேசா ஒரு..."

அவன் கண் திரையில் அசையாமல் நின்ற கப்பலுக்குப் போனது.

நடந்தது இதுதான். தம்பி கையில் பிடித்து விளையாடும் பழைய கன்ட்ரோலரின் குச்சி, கட்டைவிரல் பட்டுப் பட்டுத் தேய்ந்து, கப்பலை இடப்பக்கம் இழுக்கும். அதனை ஈடுகட்ட, வலப்பக்கம் தள்ளும் ஓர் எண்ணை என்றோ நிரலில் வைத்தவன், வைத்ததையே மறந்துபோனான். கணினியில் பெரும்பாலோர் விசைப்பலகையில் விளையாடியதால் அது வெளியே தெரியவில்லை. முறையிட்ட ஓரிருவரையும், "கை நடுங்குது போல" என்று இவன் வாயடைத்துவிட்டான். இந்த வீட்டில் இரண்டு கோணலும் சேர்ந்து கப்பலை நேராக நிறுத்தின. சோதிப்பவர்கள் கையில் இருந்ததோ புத்தம்புதிய கன்ட்ரோலர். அங்கே முட்டு மட்டும் தன் வேலையைச் செய்தது.

"கம்பெனிக்காரங்க கன்சோலோட புது கன்ட்ரோலர் ஒண்ணு குடுத்தாங்களே, அது எங்க?" என்று கேட்டாள் அக்காள்.

"பீரோவுல பத்திரமா இருக்கு," என்றார் அம்மா பெருமையுடன். "இரவல் பொருளாச்சே! கீறல் விழுந்தா யாரு பதில் சொல்றது?"

துணியில் சுற்றியிருந்த அதனைக் கொண்டுவந்து இணைத்தார்கள். மூவரும் திரையைப் பார்த்தார்கள். கப்பல், கோபித்துக்கொண்டு கிளம்பும் மாப்பிள்ளையைப்போல் மெல்ல வலப்பக்கம் நகர்ந்து, திரையோரத்தில் போய் நின்றது.

ஒரு குறையைக் கண்டு எவரும் அவ்வளவு மகிழ்ந்திருக்க மாட்டார்கள். தம்பி தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான். அக்காள் அப்படியே தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"உன்னைப் போய் அவ்வளவு திட்டிட்டேனேக்கா."

"எல்லாத்தையும் அம்மா வழியாத்தானே அனுப்பின? பாதி என்கிட்ட வந்து சேரவே இல்ல."

"நல்லவேளை, நான்தான் பாதியை முழுங்கிட்டேன்," என்றார் அம்மா.

அக்காள் அந்த எண்ணை நீக்கினாள். குச்சி நடுவில் சற்றே அசைந்தாலும் கப்பல் அதனைப் பொருட்படுத்தாதவாறு சிறிது இடம் விட்டு எழுதினாள். புதிய கன்ட்ரோலரிலும் பழையதிலும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்த பிறகே மூன்றாம் முறையாக அனுப்பினாள்.

அனுமதிக் கடிதம் வந்த நாளில் காற்று அடங்கியிருந்தது. தம்பி அதனை உரக்கப் படித்தான். நம்பிக்கை வராமல் மறுபடியும் படித்தான். பிறகு ஜன்னலுக்குப் புதுக் கொக்கி மாட்டிவிட்டு, அட்டையை மேசைக்காலுக்கடியில் திரும்பச் செருகினான். அக்காள் காலை நீட்டிச் சுவரில் சாய்ந்திருந்தாள். இத்தனை நாளும் தோள்பட்டையில் கிடந்த இறுக்கம் எப்போது விட்டதென்று அவளுக்கே தெரியவில்லை.

அம்மா மட்டும் திரையருகே நின்று, கப்பலைக் கண் இடுங்கப் பார்த்தபடி அக்காளிடம் கேட்டார்:

"ஏம்மா, இப்ப முட்டு எதுவும் இல்லாமத்தான் நிக்குதா?"

"ஆமாம்மா. இல்லாமத்தான் நிக்குது."