‘நோ’வைத் தள்ளிவிட்ட தேடல்

வியாழக்கிழமை காலை மணி பதினொன்று இருபது.

டீ டம்ளர் வாய்க்குப் போகவில்லை. அதற்குள் இன்டர்காம் அடித்தது. பேக்கிங் செக்ஷனிலிருந்து வசந்தா. குன்னத்தூரிலிருந்து தினமும் கம்பெனி வேனில் வரும் செக்கிங் பெண்.

“ஏனுங்க மேடம், கொழந்தைங்க ஹூடில கயிறு கெடக்குதுங்க. பெட்டில போடலாமுங்களா?”

கூடாது. கூடவே கூடாது!

என் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன். திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டு பையர் மெயிலில் என்ன கேட்கிறாரோ, அதை உள்ளே தைப்பவர்களிடம் கொண்டுசேர்க்கும் வேலை. ஹூடி என்பது தொப்பி வைத்துத் தைத்த பனியன் சட்டை. தொப்பியை இழுத்துக் கட்டக் கழுத்தருகே தொங்கும் கயிற்றுக்கு டிராகார்ட் என்று பெயர். பெரியவர்களுக்கு அது ஸ்டைல். சறுக்குமரத்தில் ஏறி இறங்கும் மூன்று வயதுக் குழந்தைக்கு? கயிறு எங்காவது மாட்டினால் கழுத்தை இறுக்கிவிடும்.

இந்த ஆர்டர், அப்பாவுக்கும் பிள்ளைக்கும் ஒரே பெயரில், ஒரே டிசைனில். அப்பாவுக்குக் கயிறு உண்டு. பிள்ளைக்கு ஓட்டை மட்டும், அழகுக்கு. பையர் ஒரு மெயிலில் தெளிவாக எழுதியிருந்தார் — ‘நோ டிராகார்ட் இன் ஹூட்.’

பேக்கிங்குக்கு ஓடினேன். பத்து அட்டைப்பெட்டிகளைப் பிரித்தோம். பத்திலும் கயிறு. லாரி நான்கு மணிக்கு.

சூப்பர்வைசர் ஆரோக்கியத்தைக் கூப்பிட்டேன். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். ஆறு வருடமாக எங்களிடம் இருக்கிறார். ஒரு பட்டன் மாறி வந்தாலும் மேலே ஓடி வந்து கேட்கிற மனுஷன்.

“நான் சந்தேகப்பட்டுத்தான் மேடம் தேடிப் பாத்தேன். நீங்க சொல்லிக் குடுத்த அதே தேடுற டப்பாலதான். ‘நோ டிராகார்ட் இன் ஹூட்’னு அடிச்சேன். டிராகார்ட் ஓகேன்னு மஞ்சக் கலர்ல காட்டுதே… நான் என்ன செய்யட்டும்?”

அந்த ‘டப்பா’… எப்படிச் சொல்வேன்? அதைச் செய்தது என் மகள் இனியா.

கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருடம். எங்கள் கம்பெனி மெயில்களை எல்லாம் ஒரே இடத்தில் போட்டு, வார்த்தையை அடித்தால் தேடித் தருகிற மாதிரி ஒரு ப்ராஜெக்ட். ஓனரிடம் அனுமதி வாங்கித் தந்தவள் நான். ஓனர் ‘யெல்லோ’ என்று அடித்தார். மஞ்சள் துணி பற்றிய மெயில்கள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. “புள்ளைக்கு நல்ல சர்ட்டிபிகேட்டே குடுத்துரலாமுங்க” என்றார். அன்று நான் தரையில் நடக்கவில்லை.

அதற்கு முன்னால் எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. பையர் எதை மாற்றினாலும் மெயிலைப் பிரின்ட் எடுத்து, சிவப்புப் பேனாவில் வட்டம் போட்டு, தையல் லைனில் ஒட்டிவிட்டு வருவேன். தேடல் வந்த பிறகு நிறுத்திவிட்டேன். எதற்குக் காகிதம்? மகள்தான் இருக்கிறாளே!

இனியாவுக்கு போன் போட்டு நடந்ததைச் சொன்னேன்.

“அம்மா, பதறாதீங்க. ரெண்டு பக்கமும் மேற்கோள் குறி போட்டு அடிச்சுப் பாருங்க. அந்த வரி அப்படியே இருக்கற மெயில் மட்டுந்தான் வரும்.”

போட்டேன். இரண்டு முறை தப்பாக அடித்து, மூன்றாவது முறை சரியாக அடித்தேன். உச்சியில் வந்தது அதே மெயில். ‘டிராகார்ட் இன் ஹூட் — அப்ரூவ்டு.’ அப்பாக்களின் ஹூடிக்கு வந்த மெயில்! பிள்ளைகளுக்கான மெயில் ரொம்ப நீளம்; நீளமான மெயிலைத் தேடல் பின்னுக்குத் தள்ளுவதால் பட்டியலில் எங்கோ அடியில் கிடந்தது.

போனில் அதைப் படித்துக் காட்டினேன். அப்புறம் சின்னக் குரலில் சொன்னாள்.

“அம்மா… எல்லா மெயில்லயும் திரும்பத் திரும்ப வர்ற குட்டி வார்த்தைங்க இருக்குமில்லீங்களா? ‘த’, ‘இன்’, ‘இஸ்’… அதையெல்லாம் தேடல் கண்டுக்காம விட்டுரும். ஸ்டாப்வேர்ட்ஸ்னு ஒரு பட்டியல், ரெடிமேடா வரும். நான் அப்படியே எடுத்துப் போட்டுட்டேன். அதுல ‘நோ’வும் இருக்குதுங்கம்மா.”

“மேற்கோள் குறி போட்டேனே?”

“மெயிலை உள்ள ஏத்தும்போதே அந்த வார்த்தைங்களைத் தள்ளிட்டுத்தான் ஏத்துது. நீங்க அடிக்கறதுலயும் தள்ளிரும். மிஞ்சுறது டிராகார்டும் ஹூட்டுந்தான். பட்டியலை மாத்தி, எல்லா மெயிலையும் திரும்ப ஏத்தணும். நான் கெளம்பி வர்றேன்.”

“நீ வராத! யாருகிட்டயும் எதுவும் பேசாத. நான் பாத்துக்கறேன்.”

யோசித்துப் பார்த்தால், பெற்ற மனசும் இப்படி ஒரு பட்டியலோடுதான் ஓடுகிறது. ‘எனக்கு ஒண்ணும் ஆகலம்மா’ என்றால் ‘என்னமோ ஆயிடுச்சு’ என்று கேட்கிறது. ‘பயப்படாதீங்க’ என்றால் பயம் மட்டும் உள்ளே ஏறுகிறது. இருபத்தொரு வருடமாக அவள் சொன்ன எத்தனை ‘வேண்டாம்’களை நான் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லையோ?

பன்னிரண்டரைக்கு ஓனர் வந்தார். பிரித்துப் போட்ட பெட்டிகள். தரையில் உட்கார்ந்து கயிறு உருவும் முப்பது பேர். தேடிப் பார்த்ததை ஆரோக்கியம் சொல்லக் கேட்டார். ஆரோக்கியத்தை ஏற இறங்கப் பார்த்தார்.

“மெஷினு சரியாத்தான் காட்டியிருக்கும். இவரு படிக்காம உட்டிருக்காரு. பச்சக் கொழந்த கழுத்து விசயமுங்க இது. ஏப்பா, நாளையிலிருந்து நீ வர வேண்டாம்.”

ஆரோக்கியம் என்னைப் பார்த்தார். கெஞ்சவில்லை. நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருப்பது போல் ஒரு பார்வை.

எனக்குத் தெரியும். அந்த இடத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஒரே ஒரு வாக்கியம் போதும். ஆனால் அடுத்த வாரம் இனியாவுக்கு வேலைக்கான இன்டர்வியூ. இந்தப் ப்ராஜெக்டைத்தான் காட்டப் போகிறாள். குழந்தை கழுத்துக்குக் கயிறு போட்டவள் என்று பெயர் வந்துவிட்டால்…?

“லாரிக்கு நேரமாச்சுங்க சார்” என்றேன்.

ஆரோக்கியம் போய்விடவில்லை. கீழே உட்கார்ந்து, மற்றவர்களோடு சேர்ந்து கயிறு உருவ ஆரம்பித்தார். “மேடம், சாப்பிட்டீங்களா?” என்று ஒரு தடவை கேட்டார். என்னிடம் கேட்க அந்த மனுஷனுக்கு வேறு எதுவுமே இல்லையா?

இரண்டே முக்காலுக்கு வாசலில் செருப்பு கழற்றும் சத்தம். இனியா. பஸ்ஸில் நின்றே வந்திருக்கிறாள் — துப்பட்டா எல்லாம் கசங்கிக் கிடந்தது. வசந்தா வாசலிலேயே அவளிடம் எல்லாம் சொல்லிவிட்டாள். என் பக்கம் திரும்பாமல் நேரே ஓனரின் முன்னால் போய் நின்றாள்.

“சார், ஆரோக்கியம் அண்ணன் ‘நோ’ன்னு சரியாத்தான் அடிச்சிருக்காருங்க. அந்த வார்த்தையைத் தள்ளிவிட்டது நான் போட்ட பட்டியலுங்க. இப்ப மாத்திட்டு, திரும்ப ஏத்திக் குடுத்துட்டுத்தான் போவேன்.”

ஓனர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கீழே பார்த்து, “ஏப்பா ஆரோக்கியம், நான் சொன்னதை மனசுல வெச்சுக்காத. நாளைக்கு நேரத்துல வந்துரு” என்றார்.

ஆரோக்கியம் கையிலிருந்த கயிற்றைக் கீழே வைத்துவிட்டு, முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டார். “வந்துருதேன் சார்.”

நான் மாடிப்படி ஏறி என் அறைக்கு நடந்தேன். லேப்டாப் பையோடு பின்னாலேயே இனியா வந்தாள். கோபமாக இருப்பாள் என்று நினைத்தேன். கோபமே இல்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள்:

“நான் போன்ல சொன்னதுமே நீங்க சார்கிட்ட சொல்லியிருப்பீங்கன்னு நெனச்சனேம்மா?”